அவருக்கு என்ன என்று கேட்கச் சொன்னார்

கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன் நான். உடனே வக்கீல் என்றோ போலீஸ் என்றோ மரியாதை கொடுத்துவிட வேண்டாம். ஜீப்பின் முன்சீட்டில் மைக்கைப் பிடித்தபடி பாறசாலை, கொல்லயில், நெய்யாற்றின்கரை என்று சுற்றி அனௌன்ஸ்மென்ட் சொல்லுகிறவன். அழைத்தால் கேரள எல்லை தாண்டி மார்த்தாண்டம் வரைக்கும் போவேன். துணிக்கடைத் திறப்பு, சபைக் கன்வென்ஷன், பூவாறில் படகுச் சவாரிக்குத் தள்ளுபடி, இறந்தவருக்கு அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு, எல்லாம் என் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போகும். செய்தியை வெறும் செய்தியாகச் சொன்னால் நாய்கூடத் திரும்பாது என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளும் விஷயம். முதலில் கேள்வியை எறிய வேண்டும். "எவிடெ? எப்போள்? ஆர்க்கு?" என்று மலையாளத்தில் எங்கே, எப்போது, யாருக்கு என மூன்றை எறிந்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் சாயாக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் உதட்டுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். அதன்பிறகு துணிக்கடையைச் சொல்லலாம்.

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியதும் வாய்க்குள் சின்னதாக ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பக்கம் 'வருமோ?' என்று கேட்டதை அந்தப் பக்கம் 'வருமா?' என்று கேட்க வேண்டும். ஓவை இறக்கிவிட்டு ஆவை ஏற்றிக்கொண்டால் வண்டி தமிழில் ஓடும். எங்கள் ஊர்களில் இரண்டையும் ஒரே வாயால் மென்று துப்புவோம், யாருக்கும் வித்தியாசம் தோன்றாது. ஆனால் நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தமிழில் ஓ என்றால் சந்தேகம். 'மழை வருமோ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணி காயும் கொடியைப் பார்க்கிற ஆளின் குரல் அது. அதனால் எதிரே வருகிற மலையாளி அன்பாகச் சிரித்து "சுகமோ?" என்று கேட்டால், இவருக்கு ஏன் அதில் சந்தேகம் வந்தது என்று எனக்குள் ஒருவன் எழுந்து உட்காருவான். நல்ல நாட்களில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். வலது காதுக்குக் கீழே, சவரம் செய்யும்போது, ஒரு புன்னைக்காய் அளவுக்குக் கையில் தட்டுப்பட்டதே, அந்த நாளிலிருந்து அவன் தூங்கவே இல்லை.

தொண்டையை வைத்துச் சோறு தின்கிறவனுக்குக் கழுத்தில் கட்டி. வேறு எங்காவது வந்திருக்கக் கூடாதா? முதுகில் வந்திருந்தால் முதுகைக் கொண்டு நான் எந்தத் தொழிலும் செய்யவில்லையே.

நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மனைவியோடு போனேன். வயதான டாக்டர். கட்டியை வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார். எனக்குப் பயம் வந்தால் தமாஷ் வரும், அது என்னுடைய பழைய வியாதி.

"வேதன உண்டோ?" வலி இருக்கிறதா என்று கேட்டார்.

"கல்யாணம் கழிஞ்ஞதுமுதல் உண்டு டாக்டரே" என்றேன்.

பசி எப்படி என்று கேட்டார். மத்திக் குழம்பு இருந்தால் பசி, அது இல்லாவிட்டால் விரதம் என்றேன். சாயங்காலம் காய்ச்சல் வருமா என்று கேட்டார். துணிக்கடைக்காரர் கூலி கொடுக்கும் நாளில் வராது என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நிங்ஙள் ஒந்நு புறத்திருக்கணம். பைஸ்டாண்டர் மாத்ரம் மதி."

நான் வெளியே இருக்க வேண்டும், பைஸ்டாண்டர் மட்டும் போதும் என்கிறார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருகிறவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். பக்கத்தில் சும்மா நிற்கிற ஆள் என்று அர்த்தம். உண்மையில் சும்மா நிற்பவன் நோயாளி ஒருவன்தான். மருந்து வாங்குவது, கஞ்சி வாங்குவது, லிஃப்ட் வேலை செய்யாததற்குச் சண்டை போடுவது எல்லாம் பைஸ்டாண்டர். எங்கள் பக்கத்தில் இன்னொரு பெரிய பொறுப்பும் அந்த ஆளுக்கு உண்டு: உண்மையைக் கேட்டுக்கொள்வது. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு பைஸ்டாண்டரிடம் சொல்லுவார்கள், அவர் அதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுவார், நோயாளியைத் தவிர. இது யாரும் எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆனால் 'பைஸ்டாண்டர் மட்டும்' என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் வெளியே பெஞ்சில் இருக்கிற எங்கள் ஊர்க்காரன் எவனும் தன் அடக்க ஆராதனைக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவான். நான் தேர்ந்தெடுத்தேன். ராகம் கொஞ்சம் உச்சத்தில் போகும், பாடகர் குழு தாங்குமா என்ற கவலையும் வந்தது.

மனைவி வெளியே வந்தாள்.

"என்னட்டி சொன்னாரு?"

"ஊசி குத்தி நீரெடுத்துப் பாக்கணுமாம்."

"அதச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"சாயா குடிப்பமா?" என்றாள்.

கேள்விக்குக் கேள்வியைப் பதிலாகத் தருகிறவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன். அதிலும் 'பாக்கணுமாம்' என்ற அந்த ஆம் இருக்கிறதே, சொன்னது நான் இல்லை, அவர்தான் சொன்னார், நான் வெறும் கூரியர் என்று கைகழுவுகிற ஆம். சாயா குடித்தோம். அவள் குடிக்கிறாளா என்று நானும், நான் குடிக்கிறேனா என்று அவளும் பார்த்துக்கொண்டோம். டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஊசி குத்தி எடுத்த பிறகு, முடிவு வருவதற்கு வெள்ளிக்கிழமை ஆகும் என்றார்கள். அதுவரை நான் செய்த காரியங்களில் ஒன்று, போனில் தேடியது. ஆங்கிலத்தில் கழுத்து, கட்டி என்று தட்டியதும் மிச்சத்தைப் போனே கேட்டுவிட்டது. இது அதுவா, இது எப்போது ஆபத்து, இதனால் எத்தனை காலம் என்று வரிசையாகக் கேள்விகள் வந்து நின்றன. மலையாளத்தில் தட்டினால், மாறுமோ, பகருமோ என்று ஓ போட்டுக் கவலைப்பட்டது. குணமாகுமா, தொற்றுமா என்று அர்த்தம். தமிழில் தட்டினேன். 'கழுத்தில் கட்டி கரைய' என்றது. அவ்வளவுதான். தமிழன் கேள்வியே கேட்கவில்லை, நேராகக் கரைக்கப் போய்விட்டான். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசச் சொல்லியிருந்தார்கள். பூசினேன். எரிந்தது. கழுவினேன்.

இன்னொன்று, மனதுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தது. ஆங்கிலக்காரன் கேள்வியைத் தலையிலேயே வைத்துவிடுகிறான். வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே கேட்க வருகிறான் என்று தெரிந்துவிடும், நமக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நொடி கிடைக்கும். வாடகைக்கு இருக்கிற வடநாட்டு மேஸ்திரிகள் பேசுகிற இந்தியில் எல்லாக் கேள்வியும் 'க'வில் தொடங்குகிறது. க்யா, கோன், கஹான், கப். தூரத்தில் கேட்டாலே என்னவோ விசாரிக்கிறார்கள் என்று தெரியும். நம்முடைய ஆமா இல்லையா கேள்விக்கு அந்த இரக்கமே கிடையாது. கடைசி எழுத்துவரை தீர்ப்பு மாதிரியே வரும். 'எனக்கு கேன்சர்' என்று முழுதும் சொல்லி முடித்த பிறகுதான் 'ஆ' என்று ஒரு வாலை ஒட்ட முடியும். சொல்லுக்கும் வாலுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூச்சுக்குள் நான் செத்து, குளிப்பாட்டி, பெட்டியில் வைத்தும் ஆகிவிட்டது. அனௌன்ஸ்மென்டை யார் சொல்வது என்பது ஒன்றுதான் பாக்கி. ஊரில் என்னை விட்டால் நல்ல குரல் கிடையாது.

இதையெல்லாம் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். என் ஜீப்பை ஓட்டுகிறவன். பூவாறு கடற்கரைக்காரன், வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் சிறுவயதிலேயே ஸ்டியரிங் வளையம் பிடிக்க வந்துவிட்டான். என் வயதுதான், இரண்டு பேருக்கும் ஒரே நரை.

"எலே, நேரா டாக்டரிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றான்.

"நோயாளியிட்ட சொல்ல மாட்டாவ மக்கா. பைஸ்டாண்டரிட்டதான் சொல்லுவாவ."

"ஒனக்க பொஞ்சாதியிட்ட கேளு."

"அவ சாயா குடிப்பமாண்ணு கேப்பா."

"அப்பம் ஒனக்கு நீயே பைஸ்டாண்டரா போ" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

கோமாளியிடம் மற்றவர்கள் தமாஷ் சொல்லக் கூடாது. அவன் நம்பிவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் நடந்தது இது. எங்கள் சபையில் சகுனம் கிடையாது. நல்ல நேரம், கெட்ட நேரம், பூனை, ஒற்றைத் தும்மல் எதற்கும் அதிகாரம் இல்லை என்று போதகர் மேசையில் அடித்துச் சொல்லியிருக்கிறார், நாங்களும் ஆமென் சொல்லியிருக்கிறோம். ஆனால் படியிறங்குகிறவனைப் பார்த்து 'எங்கே போறே' என்று கேட்பதை மட்டும் செய்ய மாட்டோம். போகிற காரியம் கெட்டுவிடும். யார், என்ன, எப்போது எல்லாம் கேட்கலாம், எங்கே மட்டும் கூடாது. அவசியப்பட்டால் "தூரமா?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

நான் சட்டையின் மேல் பட்டனையும் போட்டு, கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். மே மாத வெயில்.

"தூரமா?" என்றாள் மனைவி.

"பூவாறு பக்கம், போட்டு சவாரி விளம்பரம். நீயும் பொறப்பட்டாச்சா? தூரமா?"

"ஒற்றசேகரமங்கலம். அக்காளப் பாத்திட்டு வாறேன்."

வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள், கையில் குடை. இருவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டோம். ஒருவர் சகுனத்தை மற்றவர் கெடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி முன்னால் என்னை இறக்கிவிட்டு, ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான். நான் பதிவு செய்து வைத்த துணிக்கடை விளம்பரம் அதில் ஓட வேண்டியிருந்தது. உள்ளே போனால் என் நல்ல நேரம், பழைய டாக்டர் லீவு. அவர் இடத்தில் வடக்கே கண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண் டாக்டர். என் முகம் அவருக்குத் தெரியாது. கதவருகில் அன்று சிரித்த நர்ஸும் இல்லை, வேறு ஒருத்தி.

"ரோகி எவிடெ?"

"வீட்டில்" என்றேன் மலையாளத்தில். "நடக்க வய்யா." நடக்க முடியாது என்று அர்த்தம்; எனக்கோ இரண்டு மாடி ஏறிவந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"நிங்ஙள் ரோகியுடெ ஆரா?"

"ஏட்டன்."

நோயாளிக்கு அண்ணன் ஆகிவிட்டேன். அதன்பிறகு, வரும் வழியெல்லாம் ஜீப்பில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: அவருக்கு என்ன என்று கேட்கச் சொன்னார்; அது கேன்சரா என்று கேட்கச் சொன்னார்.

எவ்வளவு சுலபமாக வந்தது! அத்தனை நாள் தொண்டையில் முள்ளாக நின்றது, பின்னால் ஓர் 'என்று' ஒட்டியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒருவன் கேட்டதை இன்னொருவன் எடுத்துச் சொல்லும்போது, சொற்களின் வரிசையை மாற்றி, கேள்வியைத் தலைவாரிவிட்டுச் சாதுவாக உட்கார வைக்க வேண்டும். பள்ளியில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் சள்ளை இல்லை. கேள்வியைப் பல்லும் நகமுமாக அப்படியே வைத்து வாயை மட்டும் கட்டிவிடலாம். கருவாட்டைக் கவரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோவது போல. வண்டி முழுக்க வாசனை வரும், ஆனால் யாருடையது என்று கேட்டால் நாமும் சேர்ந்து சுற்றிப் பார்க்கலாம்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ப்ரஷ்னம் எந்தாணெந்நு வெச்சால்…"

பிரச்சினை என்னவென்றால். உடனே அவருடைய போன் அடித்தது. எடுத்துவிட்டார்.

என்னவென்றால், ஏனென்றால், எப்படியென்றால் என்று நாம் ஒரு விஷயத்தைச் சொல்லுவதற்கு முன்னால் அதற்கான கேள்வியை நாமே கேட்டு நிறுத்துகிறோம். மைக்கில் நான் வாழ்நாள் முழுக்கச் செய்கிற வித்தை. அதைக் கேட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்கிற டம்ளராக இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் தன் குழந்தையின் தண்ணீர் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். சிவப்புப் பையில் இல்லையாம். நீலப் பையிலும் பார்த்தாகிவிட்டதாம். அப்போது வெளியே சாலையில் என் குரலே போயிற்று. "எவிடெ? எப்போள்? ஆர்க்கு?" என்று கணீரென்று கேட்டுக்கொண்டே தூரத்தில் கரைந்தது. பாவி, பயம் என்பதே இல்லாத குரல். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டில் கிடைத்தது. போனை வைத்தவர் என் கழுத்தைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த கைக்குட்டை எப்போதோ தோளுக்கு இறங்கியிருந்தது.

"இதெந்தா?"

"இது… குடும்பத்தில் உள்ளது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனியனும் நிங்ஙளும் ஒரே வீட்டிலாணோ?"

நானும் தம்பியும் ஒரே வீடா என்று எதற்குக் கேட்கிறார்? ஒரே வீட்டில் இருந்தால் என்ன? "ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சட்டை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

"இருமல் உண்டோ? ரெண்டாள்க்கும்?" என்று கேட்டபடி, தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றினார்.

என்ன வியாதிக்கு மாஸ்க் போடுவார்கள் என்று நினைவுபடுத்தப் பார்த்தேன். அண்ணனுக்கு இவ்வளவு பயப்படுகிறார் என்றால் தம்பியின் கதி என்ன? இல்லாத தம்பிக்காக எனக்குக் கண் கலங்கியது. சத்தியமாகக் கலங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "டாக்டரே, அதே ரோகிக்கு வேறொரு பைஸ்டாண்டர் வந்நு."

அவளுக்குப் பின்னால், குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒற்றசேகரமங்கலத்துக்கு அக்காளைப் பார்க்கப் போன என் மனைவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கே போகிறாய் என்று காலையில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் ஒரே ஜீப்பில் வந்திருக்கலாம்.

டாக்டர் அவளிடம் கேட்டார்: "இது ரோகியுடெ ஏட்டனல்லே?"

"ஏட்டனோ?" என்றாள் மனைவி. "இதாக்கும் ரோகி!"

நர்ஸ் கதவை விட்டுவிட்டாள், அது தானாகச் சாத்திக்கொண்டது. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு 'என்னவென்றால்' எதுவும் போடாமல் சொன்னார்: "கேன்சர் அல்ல."

தமிழிலும் அல்ல, மலையாளத்திலும் அல்ல. எந்த ஊர்க்காரன் கேட்டாலும் அல்ல.

"டி.பி. ஆணு. கழுத்தில முடிச்சில." காசநோய், கழுத்து நெறிகட்டியில். இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், மாதக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டும், சர்க்கார் இலவசமாகவே கொடுக்கும், ஒழுங்காகத் தின்றால் மாறும் என்றார். தொண்டைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நான் உட்கார வேண்டிய நாற்காலியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள். குடையின் கூர்முனையால் என் காலில் ஒரு குத்து குத்தினாள்.

"ஏட்டனாம்!"

"நீ மட்டும்? அக்காளப் பாக்கவா வந்தே?"

"நெனச்சது நடந்துட்டா நீங்க தாங்க மாட்டியண்ணு வந்தேன். மொதல்ல நான் கேட்டுட்டு, பெறகு எப்படிச் சொல்லலாம்ணு யோசிக்கலாம்ணு."

"அண்ணைக்கி ஒன்ன மட்டும் உள்ள நிறுத்தி அவரு என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல்ல. கேட்டாரு. ஒங்கள்ட்ட எதக் கேட்டாலும் தமாஷு சொல்லுதிய, அதனால என்னய நிறுத்திக் கேட்டாரு. சாயங்காலம் மேலு சுடுமா, வேர்த்து ஒழுகுமா, மெலிஞ்சியளாண்ணு."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாத்துக்கும் ஆமாண்ணு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத் தொண்ட வறண்டு போச்சு. வெளிய வந்து சாயா குடிப்பமாண்ணு கேட்டேன்."

"அத என்ட்ட சொல்லப்பிடாதா?"

"நீங்க கேட்டியளா?"

டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். அவர் இப்போது புதிதாகத் தொடங்க வேண்டும், நோயாளியிடமே. மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாலையில் காய்ச்சல் உண்டோ? எனக்கு ஒரு நல்ல பதில் வந்தது, நாக்கின் நுனிவரை வந்து நின்றது. மனைவி குடையைக் கொஞ்சம் தூக்கினாள்.

"உண்டு" என்றேன்.

வியர்வை? உண்டு. பேன்ட் தளர்ந்ததோ? தளர்ந்தது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். எப்போது தொட்டு? ஈஸ்டருக்கு முன்னாலிருந்து. தமாஷ் இல்லாமல் பதில் சொல்வது, சட்டை இல்லாமல் கடைத்தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிலது அவளுக்கே தெரியாது.

கடைசியாகக் கேட்டதுதான் உதைத்தது. கூட இருக்கிறவர்கள் யார் யார்? வீட்டில் யாரெல்லாம், வேலையில் யாரெல்லாம்? நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், கழுத்தில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்குப் பரவாது, நெஞ்சிலும் இருந்தால் பரவும், தினமும் பக்கத்தில் உட்காருகிறவர்களையும் பார்த்துவிடுவது நல்லது என்றார். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். வேலையில் ஒருவன். முன்சீட்டில், கண்ணாடி ஏற்றிய ஜீப்பில், ஒரே டம்ளர் சாயா, ஒரே மைக்.

மனைவியை எக்ஸ்ரே வரிசையில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். படிக்கட்டில் வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இறங்கினேன். டாக்டர் கேட்கச் சொன்னார் என்று தொடங்கலாமா? மனைவி சொல்லச் சொன்னாள் என்று தொடங்கலாமா? யார் தலையில் கட்டிப் பார்த்தாலும் கடைசியில் என் வாய்தான் மிஞ்சியது. பக்கத்து ரோட்டில் மரநிழலில் ஜீப் நின்றது. ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தான்.

"எலே, டாக்டர் என்ன சொன்னாருண்ணு மொதல்ல சொல்லு."

"கேன்சர் இல்ல."

சிலுவை போட்டுக்கொண்டான். மேலே பார்த்து யாருக்கோ நன்றி சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். "பின்ன எதுக்குலே மொகத்த இப்பிடி வச்சிருக்க?"

"டி.பி. ஆக்கும்."

"ஓ" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒட்டுமா?"

"கழுத்துல மட்டும் இருந்தா ஒட்டாதாம். நெஞ்சு படம் இனிதான் எடுக்கணும். நீயும் ஒண்ணு எடுக்கணும் மக்கா."

இரண்டு சீட்டுக்கும் நடுவில் மைக் கிடந்தது. அதன் வாயில் மாட்டிய பஞ்சு உறையை அவன் பார்த்தான், நானும் பார்த்தேன். நான் தண்ணீர் குடிக்க இறங்குகிற நேரமெல்லாம் அவன் அதை எடுத்து "ஹலோ, ஹலோ" சொல்லி விளையாடுவான்.

"எனக்க வீட்டுல பேத்தி உண்டு" என்றான். "ராத்திரி எனக்க நெஞ்சுலதான் கெடந்து ஒறங்கும்."

வேறு ஒரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் நான் எதையாவது சொல்லி அவனைச் சிரிக்க வைத்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. வரவழைக்கவும் முயலவில்லை.

"ஒனக்கு எப்பம் தொட்டு தெரியும்?"

"இப்பந்தான். இதுவரை பயம் மட்டுந்தான் தெரியும்."

"வேற யாருட்டயாவது சொன்னியா?"

"ஒன்ட்டதான் மொதல்ல."

அவன் சாவியை உருவினான். கண்ணாடிகளை ஏற்றினான். இறங்கி வந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தான், மாடியைப் பார்த்தான்.

"வா" என்றான். "எங்க போணும்ணு காட்டு."